அம்மிக்கல்லோடு கப்பலேறியவர்கள்

வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து என்னை வழியனுப்பிய அன்று, துறைமுக ஷெட்டில் எல்லாருக்கும் டீயும் வடையும் கொடுத்தார்கள். எனக்கு மாலை போட்டார்கள். கப்பல் கம்பெனி குமாஸ்தா டேவிட் எழுந்து, "இந்தம்மா எம்மாம் பேர கப்பலேத்தி வுட்டுகீது! ஆனா இது மட்டும் ஒரு தபாகூட ஏறினதில்ல. வேணும்னா கேட்டுப் பாருங்க!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னது உண்மைதான். கல்மண்டபத்திலிருந்து பாரிமுனைக்குப் பஸ்ஸிலும், ஒரு தடவை திருப்பதிக்கு ரயிலிலும் போனதுதான் என் பயணமெல்லாம்.

பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்தேன். "எல்லாருக்கும் வணக்கம்" என்று சொன்னேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். தொழிற்சங்கத்து ஆண்டு மலரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி பக்கத்தில் வந்து, "பேச வரலன்னா எழுதிக் குடுங்கக்கா" என்றார். நான் எட்டாவது வரை படித்தவள். அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் வேலையில் இருந்தார். அவர் காய்ச்சலில் காலமான பிறகு, யாரோ புண்ணியவான் எழுதிப்போட்டு எனக்கும் துறைமுகத்திலேயே ஒரு வேலை கிடைத்தது. ஜப்பான் சண்டை முடிந்து, பினாங்குக்கும் ரங்கூனுக்கும் கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கிய சமயம் அது. மேல்தட்டுப் பயணிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் வேறு வழியாகப் போவார்கள். கப்பலின் திறந்த தளத்தில் பாய் விரித்துப் போகிற ஜனங்களுக்குத்தான் எங்கள் ஷெட். அதில் ஒரு பக்கம் ஆண்கள். மறுபக்கம் ஒரு பச்சைத் திரை. திரைக்குப் பின்னால் பெண்களின் சோதனை. அங்கே டாக்டரம்மாவுக்குக் கைவேலை செய்வதுதான் என் உத்தியோகம். முதலில் பெருக்கினேன், ஊசிகளை வெந்நீரில் போட்டு எடுத்தேன். பிறகு மெல்ல மெல்ல மற்றதும் பழகிவிட்டது.

என்ன சோதனை என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். கரையிறங்கும் ஊரின் அனுமதிச் சீட்டு வேண்டும். அதில் எழுதியிருக்கிற தேதிக்குள் போய் இறங்கிவிட வேண்டும். காலரா ஊசி போட்டிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மைப்பால் குத்தியிருக்க வேண்டும். முதல் தடவை குத்திக்கொள்கிறவர்களுக்குக் குத்தினால் மட்டும் போதாது. சில நாளில் அந்த இடத்தில் கொப்புளம் எழும்ப வேண்டும். அதை டாக்டர் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கொப்புளம் இல்லையென்றால் கப்பல் இல்லை.

போகவர டிக்கெட் எடுத்தவர்களிடம் கப்பல் கம்பெனி அவ்வளவு கெடுபிடி காட்டாது. சிங்கிள் டிக்கெட் என்றால்தான் டேவிட்டின் முகம் மாறும். அந்தக் கரையில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால், கம்பெனி தன் செலவில் கொண்டுவந்து விட வேண்டும். அதனால் சிங்கிள் டிக்கெட்காரர்களை அவர் தலை முதல் கால் வரை பார்ப்பார்.

டிக்கெட்டைக் கேட்காமலே எனக்கு ஆளைத் தெரிந்துவிடும். போகவர டிக்கெட்காரர்கள் பெட்டியோடு வருவார்கள். சிங்கிள் டிக்கெட்காரிகள் அம்மிக்கல்லோடு வருவார்கள். புருஷனிடம் போய்ச் சேரப் போகிற பெண்கள். ஆட்டை விற்று, பானை சட்டியைக் கொடுத்துவிட்டு, வீட்டைப் பூட்டி சாவியையும் யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வந்திருப்பார்கள். அம்மியை மட்டும் விட மனம் வராது. கோணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வருவார்கள். "பினாங்குல கல்லே கெடையாதா? கப்பல் முழுகிடப் போவுது!" என்று டேவிட் கத்துவார். ஆனாலும் ஏற்றிவிடுவார்.

டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்தவர். என்னைவிட வயதில் இளையவர். ஒல்லியாக, உயரமாக இருப்பார். வேகமாக நடப்பார். ஆனால் திரைக்குள் வந்துவிட்டால் அவசரமே இருக்காது. தான் நின்றுகொண்டு அவர்களை உட்காரவைக்க மாட்டார். அவர்களை நிற்கவைத்துத் தான் உட்காரவும் மாட்டார். இரண்டு பெஞ்சுகளை எதிரெதிராகப் போடச் சொல்வார். காகிதத்தைத் தொடுவதற்கு முன்னால் ஆளைத் தொடுவார். அதற்கும் முன்னால் ஒன்று செய்வார். தன் ரவிக்கைக் கையை மேலே சுருட்டி, தோளுக்குக் கீழே இருக்கிற தழும்புகளைக் காட்டுவார்.

"மொதல்ல என் கையப் பாருங்க. இது எனக்குக் குத்துனது. இப்பம் உங்க கையக் காட்டுங்க."

இவ்வளவுதான். சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்கள், ஒரு படித்த அம்மாள் தன் கையைக் காட்டுவதைப் பார்த்ததும் தங்கள் கையை நீட்டிவிடுவார்கள். தான் இல்லாத நேரத்தில் என்னையும் அப்படியே செய்யச் சொன்னார். எனக்கு உயிர் போய்விட்டது. கூடப் பிறந்தவள் முன்னால்கூட நான் ரவிக்கைக் கையைச் சுருட்டினவள் இல்லை. "முடியலம்மா" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க காட்டாம அவங்கள மட்டும் காட்டச் சொல்லுதீய, பாக்கியம். அது அவங்களுக்கும் அப்படித்தானே இருக்கும்?" என்றார். மறுநாள் காட்டினேன். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு காட்டினேன். எதிரில் இருந்த கிழவி, "ஐய, என்னவிட நீதாம்மே ரொம்ப வெக்கப்படுற!" என்று சிரித்தாள்.

இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்தது. அந்தக் கரையில் தனியாக வந்து இறங்குகிற பெண்ணிடம் புருஷன் பேரைக் கேட்பார்கள். அவள் சொல்கிற பேரும், அழைத்துப்போக வந்தவன் பேரும் ஒன்றாக இருந்தால்தான் வெளியே விடுவார்கள். நம் பெண்கள் புருஷன் பேரைச் சொல்வார்களா? "நீ சொல்லுக்கா, நான் ஆமாங்கறேன்" என்பார்கள். பினாங்கில் நான் இருக்க மாட்டேனே. அதனால் என் காதில் மட்டும் சொல்லிப் பழகச் சொல்வேன். ஒருத்தி கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஷெட்டே அதிரும்படி புருஷன் பேரைக் கத்திவிட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் அவள் மாமியார். "அடிப்பாவி! கப்பல் ஏர்றதுக்குள்ளவே மலாயாக்காரி ஆயிட்டாளே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டரம்மா வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

எங்களிடம் கவலையில்லாமல் வந்து போகிறவர்கள் ஒரே ஒரு சாரார்தான். முன்பே அம்மை வார்த்துப் பிழைத்தவர்கள். அவர்களுக்கு மறுபடி அம்மை வராது. அதனால் குத்திய தழும்பு வேண்டியதில்லை, அம்மைத் தழும்பே போதும். டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுவார். முகமெல்லாம் பள்ளம் விழுந்த ஒரு வண்ணாரப்பேட்டைப் பெண் எழுந்து போகும்போது சொன்னாள்: "இந்த மூஞ்சிய பாத்து ஒருத்தர் 'சரி, போ'ன்னு சொன்னது இன்னிக்கித்தாம்மா!"

எங்களுக்குப் பெரிய தொல்லை எலுமிச்சம்பழம்தான். அம்மை என்பது அம்மன் வந்து இறங்குவது. அதை ஊசியால் வரவழைப்பது அபசாரம் என்று நிறையப் பேர் நினைத்தார்கள். குத்திக்கொண்டு வெளியே போனதும் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து, வேப்பிலை அரைத்துப் பூசித் துடைத்துவிடுவார்கள். கொப்புளம் எழும்பாது. காகிதம் கையில் இருக்கும், கப்பல் போய்விடும். அதனால் டாக்டரம்மா, குத்திய இடம் காய்கிற வரைக்கும் பெண்களைப் பெஞ்சில் உட்காரவைத்து நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். பேச்சே வராத என்னைப் பேசப் போட்டார். என் வீட்டுச் சமையல், தண்ணீர்க் குழாய்ச் சண்டை, எதையாவது சொல்வேன். அப்படிப் பேசிப் பேசித்தான் எனக்குக் கொஞ்சம் வாய் திறந்தது.

கன்னியம்மா வந்தது இதற்கெல்லாம் பிறகு. எண்ணூர் உப்பளத்துப் பெண். இருபது வயது இருக்கும். அவள் புருஷன் பினாங்கில் படகிலிருந்து சரக்கு இறக்குகிற வேலையில் இருந்தான். அவன்தான் அனுமதிச் சீட்டு வாங்கி அனுப்பியிருந்தான். அங்கே அப்போது சட்டம் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டிருந்தது. இந்தச் சீட்டு காலாவதியானால் இன்னொன்று கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அந்தத் தேதிக்குள் போய்ச் சேரக்கூடிய கப்பல்களில் கடைசிக் கப்பல் அது. அவள் கையில் சிங்கிள் டிக்கெட். கூட அவள் அப்பா எல்லப்பன், கோணியில் சுற்றிய அம்மியோடு.

அவள் கையில் சின்ன வயதில் குத்திய தழும்பு இல்லை. உப்பளத்துப் பக்கம் அப்படிப் பலர் உண்டு. முதல் தடவை குத்தினோம், எழும்பவில்லை. மறுபடி குத்தினோம். அந்தத் தடவை காய்கிற வரைக்கும் நானே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் விரல்கூட அதன்மேல் படவில்லை. அது எனக்கு நிச்சயம். ஆனால் கப்பல் புறப்படுகிற அன்று காலையில் வந்து கையைக் காட்டினபோது, ஊசி கீறின கோடு மட்டும் இருந்தது. வேறொன்றும் இல்லை.

திரைக்கு வெளியே இருந்து டேவிட், "இன்னா, இதுவும் எலுமிச்சம்பயம் கேசா?" என்று கேட்டார்.

"நான் தொடைக்கல," என்றாள் கன்னியம்மா.

"தொடைக்கலன்னு எங்களுக்குத் தெரியும்," என்றார் டாக்டரம்மா. "சின்ன வயசுல ஒனக்கு அம்மை வந்துருக்காம்மா?"

"இல்ல. எங்க வூட்ல யாருக்குமே வந்ததில்ல."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. டாக்டரம்மா அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் பூசிய சுத்தமான முகம். புருவத்துக்கு மேலே ஒரே ஒரு சின்னக் குழி. அது அடிபட்டதாகவும் இருக்கலாம். கைகள் இரண்டையும் முந்தானையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். தோள்பட்டையைக் காட்டும்போதும் முழங்கைக்குக் கீழே முந்தானையை எடுக்கவில்லை. குளிருக்குச் சுற்றியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"குத்துனதும் பிடிக்கல, வந்ததும் இல்லைன்னு சொல்லுதா. நான் எத வச்சு எழுதுவேன் பாக்கியம்?" என்று டாக்டரம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார். அதற்குள் ஆண்கள் பக்கத்தில் யாருக்கோ காய்ச்சல் என்று அவரைக் கூப்பிட்டார்கள். "வாரேன். இந்தப் பிள்ளையப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிப் போனார்.

கன்னியம்மா அழ ஆரம்பித்தாள். சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கிற்று. என்ன சொல்வது என்று தெரியாமல் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். அவள் இரண்டு கையையும் வெளியே எடுத்து வாங்கினாள். அப்போதுதான் பார்த்தேன். முழங்கை முதல் மணிக்கட்டு வரைக்கும் பச்சை குத்தியிருந்தாள். கோலம்.

நான் தினமும் வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறவள். எங்கே கோலத்தைப் பார்த்தாலும் என் கண் புள்ளியை எண்ணும், அது பழக்கம். இந்தக் கோலத்தில் எண்ண முடியவில்லை. புள்ளிகள் வரிசையில் இல்லை. ஒரு இடத்தில் மூன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன, ஒரு இடத்தில் ஒன்றுமே இல்லை. கோடு ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி, அடுத்ததைத் தேடிக்கொண்டு கோணல்மாணலாகப் போயிற்று. கோலம் போடத் தெரிந்த எவளும் அப்படிப் புள்ளி வைக்கமாட்டாள்.

"யாரும்மா குத்தினது?"

"கொறத்தி."

"இன்னா கோலம் இது?"

அவள் கையை உள்ளே இழுத்தாள். தம்ளர் சாய்ந்து தண்ணீர் அவள் கையில் கொட்டியது. பஞ்சை எடுத்துத் துடைத்தேன். விரலுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு குழி. குழி இருந்த இடத்திலெல்லாம் குறத்தி புள்ளி வைத்து, அதற்கப்புறம் கோடு இழுத்திருக்கிறாள்.

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. அப்படிப் பயந்த கண்ணை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

டாக்டரம்மா இருந்தால் முதலில் தன் கையைக் காட்டியிருப்பார். நான் எதைக் காட்டுவது? என்னிடம் இருந்ததைத்தான் காட்டினேன். "கன்னியம்மா, எனக்கும் ஆபீஸ்காரங்கன்னா பயம்தான். நான் இங்க சேந்த அன்னிக்கி டாக்டரம்மாவ பாத்து கை ஒதறி, ஊசிங்க வச்ச தட்ட கீய போட்டுட்டேன். அவங்க திட்டுவாங்கன்னு அழுதேன். அவங்க குந்திகினு எங்கூட பொறுக்கினாங்க" என்றேன்.

அவள் வாய் திறந்தாள். "அக்கா, சொன்னா இட்டுகினு போய்டுவாங்க. நைனா சொல்லக் கூடாதுன்னுகீறாரு."

அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தான். அவனுக்கு அம்மை வார்த்தபோது, யாரோ சொல்லிக்கொடுத்து, சுகாதார ஆட்கள் வண்டியோடு வந்து அவனைத் தொத்துநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நோய் பரவாமல் இருப்பதற்காகத்தான். ஆனால் அவன் திரும்பி வரவில்லை. சில நாளில் இவளுக்கும் வந்தது. எல்லப்பன் இவளை உப்புக் கிடங்குக்குப் பின்னால் ஓலைக் குவியலுக்குள் ஒளித்துவைத்து, கஞ்சி ஊற்றிப் பிழைக்கவைத்தார். அம்மையை மறைத்தால் தண்டனை உண்டு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பாடம்: சர்க்கார் ஆள் யார் கேட்டாலும், எப்போது கேட்டாலும், நம் வீட்டில் அம்மை வந்ததே இல்லை.

எது இருந்தால் கப்பல் ஏறலாமோ, அதைத்தான் அவள் முந்தானையில் சுற்றி மறைத்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் அதைச் சொன்னேன். நம்பவில்லை. "நைனா சொன்னாத்தான் சொல்லுவேன்" என்றாள்.

டாக்டரம்மா திரும்பி வந்ததும் காதோடு சொன்னேன். அவர் வெளிக்கதவுப் பக்கம் எல்லப்பனை எட்டிப் பார்த்தார். "நான் போனா இந்த ஸ்டெதஸ்கோப்பப் பாத்தே பயந்துருவாரு. நீங்க போய்ப் பேசுங்க" என்றார்.

"அம்மா, ஆம்பிளைங்ககிட்ட நான்..."

"தெரியும் பாக்கியம். போங்க."

எல்லப்பன் வெளிக்கதவுக்குப் பக்கத்தில், அம்மிமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். உப்பில் வெந்த கால்கள். நான் போய் எதிரில் குந்தினேன். முன்பின் தெரியாத ஒரு ஆணிடம் நானாகப் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை.

"பெரியவரே, கன்னியம்மா கையில கீற கோலத்த பாத்தேன்."

அவர் முகம் கல்லாகிவிட்டது. "பச்ச. பொம்பளைங்க குத்திக்கிறதுதான்."

"நானும் பொம்பளதானே. எனக்குத் தெரியாதா அது கோலமா இல்லையான்னு?"

அவர் கதவைப் பார்த்தார். ஓடிவிடலாமா என்று பார்க்கிற பார்வை. நான் மெதுவாகச் சொன்னேன்: அம்மை வந்து போனவர்களுக்குத்தான் இங்கே வழி சுலபம். அதைச் சொன்னால் இப்போதே கப்பல். சொல்லாவிட்டால் வீடு. பிடித்துக்கொண்டு போவதற்கு இங்கே வண்டியும் இல்லை, ஆளும் இல்லை.

"இப்டிதாம்மா அன்னிக்கும் சொன்னாங்க," என்றார். "நல்லாயிட்டு வந்துடுவான்னு. அவன் என் கைய வுடல. விரல ஒண்ணொண்ணா பிரிச்சி எட்த்தாங்க. சர்க்காருக்கு ஒண்ண குட்துட்டேன். இன்னொண்ண குடுக்க மாட்டேன்னு ஒளிச்சேன். தப்பா?"

நான் இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து குந்தினேன்.

"கொறத்தி சொன்னா, இதுல கோலம் வராது நைனான்னு," அவர் தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னார். "வராட்டி போவுது, குத்துன்னேன்."

எனக்குப் பின்னால் நிழல் விழுந்தது. டாக்டரம்மா. கழுத்தில் ஸ்டெதஸ்கோப் இல்லை. அவரும் சேலையை ஒதுக்கிக்கொண்டு எங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கூலி ஆட்களெல்லாம் நின்று பார்த்தார்கள். எல்லப்பன் எழுந்திருக்கப் போனார். "இருங்கய்யா" என்று சொல்லி, ரவிக்கைக் கையைச் சுருட்டி அவரிடம் காட்டினார்.

"இது எனக்குக் குத்துனது. அம்மை வரக் கூடாதுன்னு குத்துனது. ஒங்க மகளுக்கு அது வந்தே போயிருச்சு. இனிம அவளுக்கு வராது. அவளால யாருக்கும் வராது. நான் எழுதப்போறது அதைத்தான். வேற எதையும் எழுத மாட்டேன்."

எல்லப்பன் அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "மெய்யாலுமே புடிச்சிகினு போவ மாட்டீங்களே?"

"மாட்டேன்."

அவர் எழுந்து திரைக்கு வெளியே போய் நின்றார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. "கன்னிம்மா! நைனாதான். சொல்லிடு கண்ணு. எல்லாத்தியும் சொல்லிடு."

அவள் திரையை விலக்கிக்கொண்டு வந்து, இரண்டு கையையும் டாக்டரம்மாவிடம் நீட்டினாள். டாக்டரம்மா விரலால் ஒவ்வொரு குழியாகத் தடவிப் பார்த்தார். முடியை ஒதுக்கி நெற்றி ஓரத்தையும் பார்த்தார். அங்கே இன்னும் நாலைந்து இருந்தன.

"ஆத்தாவே குத்தி அனுப்பியிருக்கா. அதுக்கு மேல நான் குத்துனா எப்படிப் பிடிக்கும்?" என்றார். எல்லப்பன் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை.

டேவிட் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இத மொதல்லயே சொல்லியிருந்தா எனக்கு தொண்ட வத்தியிருக்காதில்ல?" என்றார். பிறகு, "ஓடு ஓடு, ஏணி எட்த்துடுவானுங்க!" என்று விரட்டினார்.

வழியனுப்ப வந்தவர்கள் கதவைத் தாண்டக் கூடாது. ஒரு போர்ட்டர் கோணியை உருவிப் போட்டுவிட்டு அம்மியைத் தூக்கிக்கொண்டான். குழவி மிஞ்சியது. எல்லப்பன் அதை எடுத்து என் கையில் கொடுத்தார். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு கன்னியம்மாவோடு நடந்தேன். கப்பல் ஏணியின் அடி வரைக்கும் நான் போனது அன்றுதான்.

ஏணியடியில் கப்பலின் ஆள் ஒருவர் காகிதத்தைப் பார்த்தார். "குத்தின தழும்பு எங்க?" என்று கேட்டார். நான் சொல்ல வாயைத் திறந்தேன். என் குரல் வெளியே வருவதற்குள் அவள் முந்தானையை உதறி, இரண்டு கையையும் அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"எனக்கு அம்ம வார்த்துகீது! சின்ன வயசுல வார்த்துச்சு! நல்லா பாத்துக்கோ!"

வரிசையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். டேவிட், "மெதுவாம்மா! பினாங்குக்கே கேட்டுடும்!" என்றார். அந்த ஆள் சிரித்துக்கொண்டு, "போம்மா, போ" என்றார். அவள் ஏறினாள். மேலே போய்த் தளத்தில் நின்று கையை ஆட்டினாள். வெறுங்கையை.

கதவுக்குத் திரும்பி வந்தபோது எல்லப்பன் கேட்டார்: "யாருனா கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"சொன்னாளா?"

"எல்லாருக்கும் கேக்குறமாரி சொன்னா."

"இன்னா சொன்னாங்க?"

"போன்னாங்க."

"போன்னுட்டாங்களா," என்றார். அதையே இரண்டு மூன்று தடவை சொல்லிக்கொண்டார். பிறகு, "அவன இஸ்துகினு போனாங்க. இவள நானே அனுப்பிகீறேன். ரெண்டும் ஒண்ணில்லம்மா" என்றார்.

அப்போதுதான் அவர் கண் என் இடுப்பில் விழுந்தது. குழவி இன்னும் அங்கேயே இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏணியை எடுத்துவிட்டார்கள். அம்மி கப்பலில், குழவி என்னிடம்! நான் அழமாட்டாத குறையாக அதை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "வூட்ல வச்சி இத பாத்துகினே கெடப்பேன். நீயே வச்சிக்கோ" என்று சொல்லி, கோணியை மட்டும் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

சில மாதம் கழித்து, பினாங்கிலிருந்து வந்து இறங்கிய ஒரு திருவொற்றியூர்ப் பெண் ஷெட்டில் என்னைத் தேடி வந்தாள். "வெள்ளச் சேல கட்ன, பேசவே வெக்கப்பட்ற அக்கா நீதானே?" என்று கேட்டாள். கன்னியம்மா சொல்லி அனுப்பிய அடையாளம். அங்கேயும் கேட்டார்களாம், அங்கேயும் அவளே சொன்னாளாம். புருஷன் பேரைக் கேட்டபோது மட்டும் கொஞ்சம் தடுமாறிச் சொன்னாளாம். ஒரு டப்பா ஜாதிக்காய் மிட்டாய் கொடுத்தனுப்பியிருந்தாள். டாக்டரம்மாவுக்கும் டேவிட்டுக்கும் கொடுத்தேன். டாக்டரம்மா ஒன்றை வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, "மருந்து மாதிரி இருக்கு" என்றார். இன்னொன்றும் எடுத்துக்கொண்டார்.

டாக்டரம்மா பிறகு மாற்றலாகித் தன் ஊர்ப் பக்கம் போய்விட்டார். அன்றும் என்னைப் பேசச் சொன்னார்கள். அன்றும் வணக்கத்தோடு உட்கார்ந்துவிட்டேன். அம்மா, இந்த மலர் உங்கள் கைக்கு வந்து சேர்ந்தால், அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன். என்னை அந்தப் பெஞ்சில் உட்காரவைத்துப் பேசவிட்டதற்கு நன்றி. "தெரியும் பாக்கியம். போங்க" என்று சொன்னதற்கு அதைவிட நன்றி. டேவிட் அண்ணா, கத்தினாலும் ஒவ்வொரு அம்மியையும் ஏற்றிவிட்டீர்களே, உங்களுக்கும் நன்றி.

அந்தத் திருவொற்றியூர்ப் பெண் போகும்போது, மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பி வந்தாள். "இன்னொண்ணு சொல்லச் சொன்னா. அம்மிய பத்திரமா வச்சிகினு கீறாளாம். வேற கொழவி வாங்கிட்டாளாம், ஆனா அது சேரலியாம். நீ அத யாருக்கும் குட்துடாதே, வந்து வாங்கிக்கிறேன்னா."

சிங்கிள் டிக்கெட்டில் போனவள் சொல்லி அனுப்பியது இது. குழவி என் வீட்டில்தான் இருக்கிறது. என் அம்மிக்கும் அது அவ்வளவாகச் சேரவில்லை. ஒரு பக்கம் இடிக்கிறது. இன்று காலையும் அதில்தான் சட்னி அரைத்தேன். அரைத்துக் கழுவி, துடைத்து வைத்திருக்கிறேன்.